அமெரிக்க எல்லைப்புற டெரிட்டரி நீதிபதிகள் உண்மையில் எப்படி வாழ்ந்தார்கள்?

நண்பர் கேட்டிருப்பது இதுதான்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் எல்லைப்புறத்தில் டெரிட்டரி நீதிபதியாக, அதாவது இன்னும் மாநிலமாகாத பகுதியின் நீதிபதியாக இருந்த ஒருவரின் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்? வெஸ்டர்ன் படங்களில் வருகிற மாதிரி காலையில் விசாரித்து மாலையில் தூக்கில் போடும் அதிகாரம் அவருக்கு இருந்ததா? ஒரு சிறுகதைக்காகக் கேட்பதாகவும் சொல்லியிருக்கிறார். கேள்வி வாழ்க்கையைப் பற்றி இருந்தாலும், அதன் அடியில் கிடப்பது அதிகாரத்தைப் பற்றிய சந்தேகம் என்று எனக்குப் படுகிறது. நான் சட்டக் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் சட்ட வரலாறு நடத்தியவன். டெரிட்டரி நீதிமன்றங்களைப் பற்றி வருடக்கணக்கில் படித்ததில் எனக்கு மனதில் நின்ற படம் ஒன்று உண்டு: அந்த நீதிபதியின் நாற்காலிக்கு நான்கு கால். நான்கையும் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு ஆட்கள். ஒன்று வாஷிங்டன், ஒன்று உள்ளூர்ச் சட்டசபை, ஒன்று பக்கத்துக் கோட்டையின் ராணுவத் தளபதி, இன்னொன்று ஜூரியில் உட்காரும் ஊர்க்காரர்கள். இதில் யார் கையை எடுத்தாலும் அவர் கீழேதான்.

முதலில், எல்லோருக்கும் சட்டென்று ஞாபகம் வரும் இரண்டு பெயர்களை ஓரமாக வைத்துவிடுவோம். ஐசக் பார்க்கர், 'தூக்கு நீதிபதி' என்று பெயரெடுத்தவர், 1875 முதல் 1896 வரை ஃபோர்ட் ஸ்மித்தில் இருந்தவர். 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார், அதில் 79 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஆனால் அவர் டெரிட்டரி நீதிபதி கிடையாது. ஆர்கன்சா என்ற முழு மாநிலத்தின் மேற்கு மாவட்டத்துக்கு ஆயுட்காலப் பதவியில் இருந்த கூட்டாட்சி நீதிபதி. பக்கத்திலிருந்த, அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய இந்தியன் டெரிட்டரியின் குற்ற வழக்குகளும் அவரிடம் வந்தன, 1889 வரை அவர் விதித்த மரண தண்டனைக்கு மேல்முறையீடும் இல்லை. அதனால்தான் அந்தப் பெயர். இன்னொருவர் ராய் பீன். சலூனிலேயே கோர்ட் நடத்திய அவர் டெக்சஸில் ஒரு ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், அதாவது சில்லறை வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் நடுவர். டெக்சஸ் ஒருநாளும் டெரிட்டரியாக இருந்ததே இல்லை. சினிமாக்காரர்கள் இந்த இருவரையும் ஒன்றாகக் குழைத்து, அதை டெரிட்டரி நீதிபதியின் தலையில் கட்டிவிட்டார்கள்.

டெரிட்டரி என்றால் மாநிலமாக இன்னும் சேர்க்கப்படாத நிலப்பகுதி. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு அடிப்படைச் சட்டம் போட்டு அதை உருவாக்கும். கவர்னர், செயலாளர், ஒரு தலைமை நீதிபதி, இரண்டு இணை நீதிபதிகள் எல்லோரும் ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புக்கொண்டு வருகிறவர்கள். பொதுவாக இருந்த ஏற்பாடு நாலு வருடப் பதவி. மூன்று நீதிபதிகளும் ஆளுக்கொரு மாவட்டத்தைப் பிரித்துக்கொண்டு அங்கே தனித்தனியாக விசாரிப்பார்கள். பிறகு மூவரும் ஒன்றாக உட்கார்ந்தால் அதுதான் டெரிட்டரியின் உச்ச நீதிமன்றம். அதாவது, தான் மாவட்டத்தில் கொடுத்த தீர்ப்பின் மீது வரும் மேல்முறையீட்டை அதே மனிதர் மேலே உட்கார்ந்து கேட்பார். அன்றைய வழக்கறிஞர்களுக்கு இது பெரிய எரிச்சல்.

கூட்டாட்சி நீதிபதிகளுக்கு இருக்கும் ஆயுட்காலப் பாதுகாப்பு இவர்களுக்கு ஏன் இல்லை? இதற்கு விடை 1828இல் ஒரு பஞ்சு வழக்கில் வந்தது. ஃப்ளோரிடா கடலில் மாட்டிக்கொண்ட கப்பலிலிருந்து மீட்ட 356 பஞ்சுப் பொதிகளை கீ வெஸ்ட்டில் ஒரு உள்ளூர் நீதிமன்றம் ஏலம் விட உத்தரவிட்டது. அந்த நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வி மேலே போனபோது, தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், டெரிட்டரி நீதிமன்றங்கள் அரசியல் சாசனத்தின் நீதித்துறைப் பிரிவில் பிறந்தவை அல்ல, காங்கிரஸ் தன் அதிகாரத்தில் உண்டாக்கியவை என்றார். நீதிமன்றங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அதில் உட்காருகிறவர்களின் பதவி அதனால் ஆட்டம் கண்டது. மினசோட்டாவின் முதல் தலைமை நீதிபதி ஆரோன் குட்ரிச்சை 1851இல், நாலு வருடம் முடிவதற்கு முன்பே, ஜனாதிபதி ஃபில்மோர் வீட்டுக்கு அனுப்பினார். மீதிச் சம்பளமாவது கொடுங்கள் என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், ஒன்றும் பெயரவில்லை.

சம்பளத்தைப் பற்றிச் சொல்லாமல் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல முடியாது. 1850இல் யூட்டாவுக்குப் போட்ட சட்டத்தில் நீதிபதிக்கு ஆண்டுக்கு 1,800 டாலர். 1863, 1864இல் ஐடஹோ, மொன்டானா சட்டங்களில் 2,500. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மொன்டானா தங்கச் சுரங்க ஊர். அங்கே கடைக்காரர் தராசில் தங்கத் தூளை நிறுத்து வாங்குவார். நீதிபதிக்கு வாஷிங்டனிலிருந்து வருவது கிரீன்பேக் எனும் போர்க்காலக் காகிதப் பணம். 1864 கோடையில் ஒரு கட்டத்தில் அந்தக் காகித டாலர் தங்கத்தில் 40 சென்ட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. 1865 வசந்தத்தில் அங்கிருந்த வர்ஜீனியா சிட்டி என்ற ஊரில் மாவு கிடைக்காமல், ஆயுதத்தோடு கும்பலாகப் போய்ப் பதுக்கிய மூட்டைகளை இறக்கிப் பங்கு போட்டார்கள். அந்த ஊரில் காகிதச் சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்திய மனிதரைத்தான் நாம் சர்வ வல்லமை படைத்தவராகக் கற்பனை செய்கிறோம்.

இனி ஒரே ஒருவரின் வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நான் தேர்ந்தெடுப்பது ஜேம்ஸ் டுவேன் டோட்டி. துப்பாக்கிப் புகையெல்லாம் இவர் கதையில் குறைவு. அதனாலேயே உங்களுக்குப் பயன்படும்.

1799இல் நியூயார்க் மாநிலத்து சேலம் என்ற ஊரில் பிறந்து, 1818இல் டெட்ராய்ட்டுக்கு வந்தார். இரண்டு வருடத்தில் கவர்னர் லூயிஸ் காஸ் ஏரிகள் வழியாக மிசிசிப்பியின் தலைப்பகுதியைத் தேடிப் போன பயணத்தில் எழுத்தராக ஒட்டிக்கொண்டார். மரப்பட்டைத் தோணியில் ஒரு கோடைகாலம் முழுக்கச் சுற்றியதில் அந்த நிலம் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. அப்போது மிச்சிகன் டெரிட்டரி என்பது இன்றைய விஸ்கான்சினையும் சேர்த்தது. அங்கிருந்த ஒருவருக்குப் பெரிய வழக்கு என்றால் டெட்ராய்ட் வரை வர வேண்டும், ஏரிகளைக் கடந்து. மேற்குப் பக்கத்துக்குத் தனி நீதிபதி வேண்டும் என்று வாஷிங்டனில் டோட்டி ஆதரவு திரட்டினார். 1823 ஜனவரியில் சட்டம் வந்தது, ஜனாதிபதி மன்றோ அந்தப் பதவியை டோட்டிக்கே கொடுத்தார். வயது 23. நாற்காலியை செய்யச் சொல்லி வற்புறுத்தியவரே அதில் போய் உட்கார்ந்தார் என்பதை அவருடைய எதிரிகள் கடைசி வரை சொல்லிக்காட்டினார்கள். அதே வருடம் சாரா காலின்ஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு, இலையுதிர் காலத்தில் மிசிசிப்பிக் கரையிலிருந்த பிரெய்ரி டு ஷீனுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே தபால் நிலையமும் கிடையாது, அதனால் முதல் போஸ்ட் மாஸ்டரும் அவர்தான். மறு வருடம் கிரீன் பே என்ற ஊருக்குக் குடிபோனார்.

அவருடைய கோர்ட் மூன்று ஊரில் கூடும்: மே மாதம் பிரெய்ரி டு ஷீன், ஜூனில் கிரீன் பே, ஜூலையில் மாக்கினா தீவு. சாலை என்று ஒன்று இல்லை. கிரீன் பேயிலிருந்து ஃபாக்ஸ் ஆற்றில் எதிர்நீச்சலாகத் துடுப்புப் போட்டு, வின்னபேகோ ஏரியைக் கடந்து, காட்டு நெல் அடர்ந்த, வளைந்து வளைந்து ஓடும் மேல் ஃபாக்ஸில் பல நாள் போக வேண்டும். ஒரு இடத்தில் ஆறு விஸ்கான்சின் ஆற்றுக்கு ஒன்றரை மைல் கிட்டே வரும். அங்கே தோணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து மறுபக்கம் இறக்கி, மிசிசிப்பி வரை ஓட்டத்தோடு போகலாம். தோணியைத் தூக்கிப் போன அந்த இடத்தில் பிறகு எழுந்த ஊருக்கு போர்ட்டேஜ் என்றே பெயர். இதில் எனக்குப் பிடித்த விஷயம் தோணிக்குள் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது. அந்தப் பக்கத்தில் வழக்கறிஞர்களே விரல்விட்டு எண்ணும் அளவு. ஹென்றி பெயர்ட் என்ற அயர்லாந்துக்காரர் முதலாமவர். நீதிபதியும், அரசுத் தரப்பும், எதிர்த்தரப்பும் ஒரே தோணியில் போய், ஒரே பானையில் சமைத்ததைச் சாப்பிட்டு, ஒரே கொசுவிடம் கடி வாங்கி, இறங்கியதும் "மாண்புமிகு நீதிமன்றம் அவர்களே" என்று ஆரம்பிக்க வேண்டும். உங்கள் கதைக்கு நான் ஒரு காட்சி தர வேண்டுமென்றால் இதைத்தான் தருவேன்.

அங்கே அவருக்கு முன்பு சட்டம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வேடிக்கைக் கதை உண்டு. கிரீன் பேயில் சார்ல்ஸ் ரேயோம் என்ற பிரெஞ்சு கனடியர் நடுவராக இருந்தார். எழுதப்பட்ட சம்மன் அனுப்பமாட்டாராம். தன் மடக்குக் கத்தியைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தனுப்புவார். கத்தியைப் பார்த்தால் வந்துவிட வேண்டும். வாதி, பிரதிவாதி இருவருக்கும் அபராதம், அதையும் தன் வீட்டுக்கு விறகு வெட்டிப் போட்டுக் கழிக்கலாம். ரேயோம் இருந்ததும் நடுவராக இருந்ததும் உண்மை. கத்திக் கதையைச் சொன்னவர்கள் பின்னால் வந்த கிழவர்கள். ஒவ்வொருவர் வாயிலும் அது கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. ஆனால் அந்த ஊர் அவரை ஏற்றுக்கொண்டு வாழ்ந்தது.

அந்த ஊருக்குள் டோட்டி புத்தகச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1824 அக்டோபரில் கிரீன் பேயில் கூடிய முதல் அமர்விலேயே, யார் மீது வழக்குத் தொடரலாம் என்று முடிவு செய்யும் ஊர்க்காரர் குழுவான கிராண்ட் ஜூரியை முடுக்கி, ஊர்ப் பெரியவர்கள் பலர் மீது குற்றச்சாட்டுப் பதிவு செய்ய வைத்தார். குற்றம்? முறையான திருமணம் இல்லாமல் பெண்ணோடு குடித்தனம். விலங்கு ரோம வியாபாரிகளான பிரெஞ்சுக்காரர்களும் மெனாமினி என்ற பூர்வகுடிப் பெண்களும் அந்த மண்ணின் வழக்கப்படி, பெண்ணின் சொந்தபந்தம் சம்மதித்து, பத்து இருபது வருடம் வாழ்ந்து பிள்ளை குட்டி பெற்றவர்கள். பாதிரியாரே எட்டிப் பார்க்காத ஊரில் வேறு எப்படிக் கல்யாணம் செய்வது? பெரும்பாலானவர்கள் நடுவரிடம் போய்க் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் வாங்கிக் காட்டி வழக்கிலிருந்து விடுபட்டார்கள். இதை நான் வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. 25 வயது கூட நிரம்பாத ஒருவர், தன் தாத்தா வயதுக்காரரைக் கூப்பிட்டு, உன் மனைவி உன் மனைவி இல்லை என்று சொன்ன காட்சி அது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது: அந்தக் காகிதம் இல்லாமல் போயிருந்தால், நாளைக்குக் கிழக்கிலிருந்து வந்த வக்கீல்கள் அந்தப் பிள்ளைகளின் சொத்துரிமையைத்தான் முதலில் கேள்வி கேட்டிருப்பார்கள். டோட்டிக்கு அந்த நல்லெண்ணம் இருந்ததா, வெறும் ஒழுக்க ஆவேசமா என்பதில் நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். அது என் கணிப்பு மட்டுமே.

ராணுவத்தோடு அவருக்கு ஒத்துப்போகவே இல்லை. கிரீன் பேயிலும் பிரெய்ரி டு ஷீனிலும் கோட்டைகள் இருந்தன, தளபதி வைத்ததுதான் சட்டம் என்று பழகியிருந்தது. தளபதியும் என் கோர்ட்டில் பிரதிவாதியாக நிற்கலாம் என்று டோட்டி நடைமுறையில் காட்டினார். இதில் அவர் செய்தது துணிச்சலான காரியம். ஏனென்றால் கைதியை அடைத்து வைக்க, காவல் போட, கலவரம் வந்தால் தப்பிக்க அவருக்கு அதே கோட்டையை விட்டால் வேறு இடம் கிடையாது.

தூக்குத் தண்டனையைப் பற்றிக் கேட்டீர்களே, டோட்டியும் விதித்திருக்கிறார். 1827இல் ஹோசங்க் என்ற பூர்வகுடி மக்களுக்கும் வெள்ளைக் குடியேறிகளுக்கும் மோதல் வெடித்தது. ஈயச் சுரங்கத்துக்காக அவர்கள் நிலத்துக்குள் ஆயிரக்கணக்கில் ஆட்கள் நுழைந்ததுதான் முக்கியக் காரணம். ரெட் பேர்ட் என்ற தலைவர் சண்டையைத் தவிர்க்கத் தானாகவே வந்து சரணடைந்தார். வழக்கு வருவதற்கு முன்பே 1828இல் காவலில் இறந்துபோனார். அவரோடு பிடிபட்ட வீகாவ், சிக்கான்சிக் என்ற இருவரையும் அதே வருடம் பிரெய்ரி டு ஷீனில் டோட்டி விசாரித்தார். ஜூரி குற்றவாளி என்றது, டோட்டி தூக்கு விதித்தார். தேதி வருவதற்குள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மன்னிப்புக் கொடுத்துவிட்டார். 1829 ஒப்பந்தத்தில் ஹோசங்க் மக்கள் அந்த ஈய நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்த இடத்தில் அரசியல் எடுத்துக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்து, 1830இல், அவர் முன்னால் வந்த இன்னொரு வழக்குதான் அவருடைய பெயரை நான் இன்றைக்கும் சொல்வதற்குக் காரணம். மெனாமினி தலைவர் ஆஷ்காஷ். காட்டில் மான் என்று நினைத்து ஒரு மெனாமினியைத் தவறுதலாகச் சுட்டுவிட்டதாகச் சொன்ன பானி இனத்து ஆள் ஒருவர் பிணத்தைத் தோணியில் எடுத்துவந்தார். ஆஷ்காஷும் கூட இருந்தவர்களும் அங்கேயே அவரைக் குத்திக் கொன்றார்கள். மெனாமினி முறைப்படி அது பழிக்குப் பழி, கணக்குத் தீர்ந்தது. டெரிட்டரி சட்டப்படி கொலை. ஜூரி கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது: இவர் கொன்றது உண்மை, ஆனால் இந்தச் சட்டம் இவருக்குப் பொருந்துமா என்பதை நீதிபதிதான் சொல்ல வேண்டும் என்று பந்தைத் திருப்பிப் போட்டது. டோட்டி யோசித்து, பூர்வகுடிகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் காரியத்துக்கு இந்தச் சட்டத்தை விரிப்பது சட்டம் இயற்றியவர்களின் நோக்கமில்லை என்று ஆஷ்காஷை விடுவித்தார். கல்யாண விஷயத்தில் அந்த மண்ணின் வழக்கத்தை மிதித்த அதே மனிதர்! மெனாமினிகள் தங்கள் நியாயத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு என் கையில் இருப்பது கோர்ட் பதிவின் பார்வை மட்டும். அதைப் பற்றி அவர்கள் வழிவந்தவர்கள் சொன்னால் என்னைவிட அவர்களை நம்புங்கள்.

இதே கேள்வி 1881இல் டகோட்டா டெரிட்டரியில் திரும்ப வந்தது. க்ரோ டாக் என்ற லகோட்டா ஆள், ஸ்பாட்டட் டெயில் என்ற தலைவரைச் சுட்டுக் கொன்றார். இரு குடும்பமும் கூடிப் பேசி, 600 டாலர், எட்டுக் குதிரை, ஒரு கம்பளி என்று ஈடு கொடுத்து முடித்துக்கொண்டார்கள். ஆனாலும் டெட்வுட்டில் டெரிட்டரி நீதிபதி கிடியன் மூடி வழக்கை நடத்தி, தூக்கு விதித்தார். 1883இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு பூர்வகுடி தன் ஆட்களில் ஒருவரைத் தங்கள் மண்ணில் கொன்றால் அது அந்த மக்களின் விஷயம் என்றது. ஒரு தோணி நீதிபதி அரை நூற்றாண்டுக்கு முன் கிரீன் பேயில் சொன்னதற்கு அது வெகு கிட்டே வருகிறது. இது பொறுக்காமல் காங்கிரஸ் 1885இல் புதிய சட்டம் போட்டு, கொலை முதலான பெருங்குற்றங்களைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

டோட்டியின் நாற்காலிக் கால் 1832இல் உடைந்தது. ஆண்ட்ரூ ஜாக்சன் ஆட்சியில் அவரை மறுபடி நியமிக்கவில்லை, வர்ஜீனியாவிலிருந்து டேவிட் இர்வின் வந்தார். இர்வினைப் பற்றி விஸ்கான்சின் வக்கீல்களிடையே ஒரு நக்கல் ஓடியது: அவர் கோர்ட்டில் ஜெயிக்க வேண்டுமா, அவருடைய குதிரையையும் நாயையும் புகழ்ந்து பேசு. டோட்டியோ நிலத்தில் இறங்கினார். 1829இல் பெயர்ட்டோடும் மார்கன் மார்ட்டின் என்ற வழக்கறிஞரோடும், மெனாமினி வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு, முதல்முறையாக நதியை விட்டுக் குதிரையில் பிரெய்ரி டு ஷீனுக்குப் போனபோது நான்கு ஏரிகள் சூழ்ந்த ஒரு நிலத்தைப் பார்த்து வைத்திருந்தார். 1836இல் அந்த நிலத்தை வாங்கி, காகிதத்தில் ஒரு நகரம் வரைந்து, மேடிசன் என்று பெயர் வைத்து, தலைநகரம் எங்கே என்று வாக்களிக்கக் கூடிய சட்டசபைக்கு எடுத்துப் போனார். உறுப்பினர்கள் பலர் கையில் மனைகள் போய்ச் சேர்ந்தன. குளிரில் நடுங்கியவர்களுக்கு எருமைத் தோல் போர்வையும் கொடுத்தார் என்பார்கள். மேடிசன் ஜெயித்தது, இன்றும் அதுதான் தலைநகரம். பிறகு விஸ்கான்சின் கவர்னர், காங்கிரஸ் உறுப்பினர், கடைசியில் யூட்டா டெரிட்டரியின் கவர்னர். 1865இல் சால்ட் லேக் சிட்டியில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். நீதிபதிப் பதவியை ஏணியாகப் பயன்படுத்திய ஆட்களில் இவர் கெட்டவர் அல்ல, ஆனால் ஏணியாகத்தான் பயன்படுத்தினார்.

இதற்கு எதிர்முனை வேண்டுமென்றால் மொன்டானாவுக்குப் போங்கள். 1863–64 குளிர்காலத்தில் அங்கே விஜிலன்டி கும்பல் ஷெரிஃப் ஹென்றி பிளம்மர் உட்பட சுமார் இருபது பேரை விசாரணை இல்லாமல் தூக்கில் தொங்கவிட்டது. அதே வருடக் கடைசியில் தலைமை நீதிபதியாக வந்து இறங்கினார் ஒஹையோவின் முன்னாள் பத்திரிகையாசிரியர் ஹெசகையா ஹாஸ்மர். 1864 டிசம்பரில் வர்ஜீனியா சிட்டியில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் அமர்வு. எதிரில் ஜூரியில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கயிற்றை இழுத்தவர்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர் பேசியதைப் பாருங்கள்: நடந்ததைக் குறை சொல்வது இந்த நீதிமன்றத்தின் வேலை அல்ல, சட்டம் இல்லாத இடத்தில் நீங்கள் செய்ததைப் பாராட்டுகிறேன், இனி சட்டம் வந்துவிட்டது, எங்களிடம் விடுங்கள் என்கிற தோரணை. கோழைத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் கூடத்தில் நின்று வேறு என்ன பேசியிருக்க முடியும் என்பது எனக்குப் புரியவில்லை.

அவர்கள் விட்டார்களா? இல்லை. ஹெலனாவில் ஜேம்ஸ் டேனியல்ஸ் என்பவன் சீட்டாட்டச் சண்டையில் ஒருவனைக் கொன்றான். இணை நீதிபதி லைமன் மன்சன் முறைப்படி விசாரித்தார். ஜூரி அதைக் கொலை என்று சொல்லாமல் குறைந்த குற்றமாக்கியது, மூன்று வருடச் சிறை. பொறுப்பு கவர்னர் தாமஸ் மீகர் 1866இல் தண்டனையை நிறுத்தி விடுதலை செய்தார். அது செல்லாது என்று மன்சன் எழுதிச் சொன்னார், மீகர் கேட்கவில்லை. டேனியல்ஸ் ஹெலனாவுக்குத் திரும்பிய அன்றிரவே ஊர்க்காரர்கள் அவனை மரத்தில் தொங்கவிட்டார்கள். விடுதலைக் காகிதம் சட்டைப் பையிலேயே இருந்ததாம். படத்தில் நீதிபதி தூக்கில் போடுவார். இங்கே அவர் கொடுத்த மூன்று வருடம் போதாது என்று ஊர் தூக்கில் போட்டது.

சட்டசபைகளும் சும்மா இருக்கவில்லை. நியூ மெக்சிகோ தலைமை நீதிபதி ஜான் ஸ்லௌ, உள்நாட்டுப் போரில் படை நடத்தியவர், வாய் கொஞ்சம் நீளம். 1867 டிசம்பரில் சட்டமன்ற உறுப்பினர் வில்லியம் ரைனர்சன் அவர் மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். பதிலுக்கு ஸ்லௌ திட்டித் தீர்க்க, சான்டா ஃபேயில் ஒரு ஹோட்டலில் வைத்து ரைனர்சன் அவரைச் சுட்டார். இரண்டு நாளில் ஸ்லௌ செத்தார், தற்காப்பு என்று ரைனர்சன் விடுதலையானார். வயோமிங்காரர்கள் இன்னும் நாசூக்கு. 1877இல் வில்லியம் வேர் பெக் என்ற நீதிபதியைப் பிடிக்கவில்லை, நீக்கும் அதிகாரமும் தங்களுக்கு இல்லை. மாவட்ட எல்லையைத் திருத்தி, ஆளே குடியிருக்காத வடக்குப் பகுதியை அவருக்கு ஒதுக்கினார்கள். அங்கே வழக்குப் போட சேஜ்பிரஷ் புதர்தான் இருந்தது. அப்படி நீதிபதியைப் புதருக்கு அனுப்புவதை 'சேஜ்பிரஷ் செய்வது' என்றே சொன்னார்கள்.

குடிகாரர்கள், அரசியல் தரகர்கள், சொந்த ஊரில் வக்கீல் தொழில் ஓடாதவர்கள் இந்தப் பதவிக்கு வந்தது உண்மை. ஆனால் அதை வைத்து எல்லோரையும் அளக்கக் கூடாது. கொலராடோவில் 1866 முதல் தலைமை நீதிபதியாக இருந்த மோசஸ் ஹாலெட் தங்கம் தேடி வந்த ஆள். வெளியூர்க்காரர்கள் வேண்டாம், எங்களில் ஒருவரைப் போடுங்கள் என்று சட்டசபை கேட்டதால் நியமிக்கப்பட்டார். 1872இல் ஒரு வாய்க்கால் வழக்கு. மூன்று பேர் பேச்சளவில் ஒப்புக்கொண்டு வாய்க்கால் வெட்டினார்கள், மேட்டில் இருந்தவர் தண்ணீரை முழுதாக எடுத்துக்கொண்டார், எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. இங்கிலாந்து, கிழக்கு மாநிலச் சட்டப்படி வழக்கே நிற்காது. வறண்ட நிலத்தில் தண்ணீரை அதன் தடத்திலிருந்து திருப்பி வயலுக்குக் கொண்டு போகாமல் பயிர் இல்லை, அடுத்தவன் நிலத்தின் வழியே வாய்க்கால் கொண்டுபோகும் உரிமையை அந்தத் தேவையே தருகிறது என்று தீர்ப்பு வந்தது. மழை பெய்யும் நாட்டில் பிறந்த சட்டத்தை மழை பெய்யாத நாட்டுக்குத் தைத்துக் கொடுத்தார் ஹாலெட். டெரிட்டரி நீதிபதிகளின் வேலை பெரும்பாலும் இப்படித்தான்: தண்ணீர், சுரங்க எல்லை, கடன், லைசென்ஸ் இல்லாத சாராயம்.

கதை எழுதுகிறவர் என்பதால் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நியூ மெக்சிகோவின் கெர்பி பெனடிக்ட், லிங்கனின் இல்லினாய்ஸ் நண்பர், பெரிய குடிகாரர், அதைவிடப் பெரிய பேச்சாளர். மரண தண்டனை விதிக்கும்போது, இனி வசந்தம் வரும், புல் முளைக்கும், பூ பூக்கும், ஆனால் அதைப் பார்க்க நீ இருக்கமாட்டாய் என்று கைதியிடம் சொன்னதாக ஒரு புகழ்பெற்ற பேச்சு உண்டு. அதே பேச்சு பார்க்கர் பெயரிலும், ராய் பீன் பெயரிலும் கூடச் சுற்றுகிறது. மூன்று பேர் வாயில் ஒரே பேச்சு இருந்தால் அது யார் வாயிலும் முழுசாக வந்திருக்காது. பெனடிக்ட் அந்த மாதிரி ஏதோ சொன்னார், பத்திரிகைக்காரர்கள் பூ வைத்துத் தொடுத்தார்கள் என்பதுதான் என் ஊகம். அதை உங்கள் கதையில் அப்படியே வைக்காதீர்கள்.

உங்கள் நீதிபதி வயோமிங்கில் இருந்தால் 1870 மார்ச்சைப் பயன்படுத்துங்கள். லாரமியில் தலைமை நீதிபதி ஜான் ஹோவ் கோர்ட்டில் பெண்கள் ஜூரியில் உட்கார்ந்தார்கள், நாட்டிலேயே முதன்முறையாக. மறு வருடம் ஹோவ் போனதும் அந்த வழக்கமும் போயிற்று. மொன்டானாவில் வைத்தால் தங்கத் தராசுக்குப் பக்கத்தில் அவருடைய காகிதச் சம்பளத்தை வையுங்கள். விஸ்கான்சின் என்றால் துப்பாக்கியை எடுத்துவிட்டு ஒரு துடுப்பைக் கொடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முன்னால் உட்கார்ந்திருக்கட்டும், முதுகைக் காட்டிக்கொண்டு.